கணினியைத் தொடாத ஒரு நாள்



ஏகாதசிக்குச் சாப்பிடாமல் இருப்பவர்கள் உண்டு. தவக்காலத்தில் நாற்பது நாள் இறைச்சியை விடுகிறவர்கள் உண்டு. வாரத்தில் ஒரு நாள் மௌன விரதம் இருப்பவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். இப்போது புதிதாக ஒரு விரதத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் படிக்கிறேன்: ஒரு நாள் முழுக்கக் கணினி இல்லாமல் இருப்பது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை நானும் அதை முயன்று பார்த்தேன்.

அன்று நடந்ததை மட்டும் எழுதினால் நாலு பத்தியில் முடிந்துவிடும். போன இடத்திலெல்லாம் கணினி குறுக்கே வந்து நின்றபோது, இது எப்போது இங்கே வந்து உட்கார்ந்தது என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது. அந்த வரலாற்றில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதியை வகுக்க வேண்டியிருந்தது. மேசை மேல் இருக்கும் பெட்டியைத் தொடாமல் இருப்பது ஒரு விரதமே இல்லை. நம் தலைமுறை வாழ்க்கையில் பாதியை அப்படித்தான் கழித்தது. கைபேசியும் கணினிதான் என்பதால் அதை அணைத்து பீரோவில் வைத்தேன். அதற்கும் மேலே, கணினி வழியாக வரும் எதையும் பயன்படுத்துவதில்லை, கணினியைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும் என்பவரிடம் எதையும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். இந்தக் கடைசி விதிதான் என்னைக் கவிழ்த்தது.

காலையில் தொல்லை இல்லை. சாவி கொடுக்கும் பழைய கடிகாரம் எழுப்பியது. கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வந்தேன். செய்தித்தாளைப் பிரிக்கப் போனவன் நிறுத்திக்கொண்டேன். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலம் போய்விட்டது, பக்கம் கட்டுவது கணினிதான். மடித்தபடியே வைத்தேன். எட்டு மணிக்குப் பெரிய மார்க்கெட். கீரை, பூ, மீன் மூன்றையும் ரொக்கத்துக்கு வாங்கினேன். மீன்கார அம்மா கூறு கட்டி விற்பதால் மின்னணுத் தராசுக்கும் வேலை இல்லை. சில்லறைக் கணக்கை வாயாலேயே சொல்லி முடித்தார். அன்று நான் முழுதாக ஜெயித்த இடம் அந்தச் சந்தை ஒன்றுதான்.

பத்து மணிக்கு வங்கி. எந்த வங்கி என்பது வேண்டாம், எல்லா வங்கியும் இதில் ஒன்றுதான். பணம் எடுக்கும் சீட்டை நிரப்பி நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். "லெட்ஜரைப் பார்த்துக் கொடுக்க முடியாதாம்மா?" என்று கேட்டேன். "லெட்ஜரா? வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் பார்த்ததே இல்லை சார்" என்று சிரித்தார். பணம் எடுக்காமல் வெளியே வந்தேன். மருந்துக் கடையில் பில் போடாமல் மாத்திரை தரமாட்டார்கள், பில் போடுவது கணினி. பஸ்ஸில் கண்டக்டர் கையிலும் ஒரு சின்ன இயந்திரம். நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

சாப்பிட்டுவிட்டு மின்விசிறியின் கீழ் சாய்ந்தபோது இன்னொன்று உறைத்தது. நம் ஊருக்கு வரும் மின்சாரம் தென் மாநிலங்களின் பொதுவான மின்கட்டமைப்பிலிருந்து வருகிறது. அதன் சுமைப் பகிர்வு மையம் பெங்களூரில் இருக்கிறது. 2013 டிசம்பர் 31-ல் அந்தக் கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடும் இணைந்துவிட்டது. எங்கே எவ்வளவு உற்பத்தி, எங்கே எவ்வளவு தேவை என்று நொடிக்கு நொடி கண்காணிப்பது கணினிகளைக் கொண்டுதான். எழுந்து விசிறியை நிறுத்தினேன். பத்து நிமிடம் வியர்த்தேன். என் மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து மறுபடி போட்டுவிட்டுப் போனாள். மதியம் இரண்டரை மணிக்கு என் விரதம் முடிந்தது.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இந்தப் பொருளை முதலில் 'ஓர்தினாத்தேர்' என்ற பெயரில்தான் அறிந்தேன். அந்தச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. 1955-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை தன் புதிய இயந்திரத்துக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் தேடியது. சொர்போன் பல்கலைக்கழகத்தில் லத்தீன் பேராசிரியராக இருந்த ழாக் பெரே என்பவரைக் கேட்டார்கள். அவர் ஏப்ரல் 16-ஆம் தேதியிட்ட கடிதத்தில் 'ஓர்தினாத்தேர்' என்று எழுதலாமே என்றார். ஒழுங்கு செய்பவர் என்று பொருள். உலகத்தை ஒழுங்குபடுத்துகிற கடவுளைக் குறிக்க லித்ரே அகராதியில் இந்தச் சொல் இருக்கிறது என்பதையும் அவரே சுட்டிக்காட்டினார். கடவுளுக்கு இருந்த பெயரை இயந்திரத்துக்கு வைத்தார்கள். இன்று வங்கியிலும் அலுவலகத்திலும் "சிஸ்டம் ஏற்றுக்கொள்ளவில்லை" என்ற பதிலைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பேராசிரியர் நினைவுக்கு வருகிறார்.

ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. 'கம்ப்யூட்டர்' என்பது இயந்திரத்துக்கு முன்னால் மனிதருக்கு இருந்த பெயர், கணக்குப் போடுகிறவர் என்று பொருள். இந்திய நில அளவைத் துறையில் அது ஒரு பதவியின் பெயராகவே இருந்தது. வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார் அந்தப் பதவியில் 1831-ல் சேர்ந்து தலைமைக் கம்ப்யூட்டராக உயர்ந்தவர். பதினைந்தாம் எண் சிகரம் என்று குறிக்கப்பட்டிருந்த மலைதான் உலகிலேயே உயரமானது என்பது 1852 வாக்கில் அவர் போட்ட கணக்கில் தெரியவந்தது. அந்த மலைக்குப் பின்னால் எவரெஸ்ட் என்ற இன்னொருவர் பெயரை வைத்தார்கள்.

கணக்கு இயந்திரம் பிறந்ததே ஓர் அரசு அலுவலகத்தின் கஷ்டத்தால்தான். பள்ளியில் பஸ்கலை எங்களுக்குத் தத்துவ ஞானியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அவருடைய அப்பா ரூவான் நகரில் வரி வசூல் அதிகாரி. இரவெல்லாம் விழித்து வரிக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு உதவ, 1642-ல், பத்தொன்பது வயதில், கூட்டவும் கழிக்கவும் தெரிந்த பற்சக்கர இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார் மகன். பட்டியலின் அடியில் வரும் கூட்டுத்தொகை ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போக முடியாமல் உட்கார்ந்த எந்த குமாஸ்தாவுக்கும் அந்தப் பிள்ளையைப் பிடிக்கும்.

இந்தியாவுக்குக் கணினி 1950-களின் நடுவில் கல்கத்தாவில் மகலனோபிஸின் புள்ளியியல் கழகத்துக்கு வந்தது. அது ஆராய்ச்சிக்கு வந்தது, யாரும் எதிர்க்கவில்லை. 1960-களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் அலுவலக வேலைக்குக் கணினி கொண்டுவர முயன்றபோது நிலைமை மாறியது. கல்கத்தாவில் இலாக்கோ ஹவுஸ் என்ற கட்டடத்தில் இயந்திரத்தை இறக்கவிடாமல் ஊழியர்கள் இரவும் பகலும் காவல் இருந்தார்கள். சங்கங்களின் பயம் வேலை போய்விடும் என்பது. வங்கிகளில் 1983-ல் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்ட பிறகுதான் கணினி முறையாக நுழைந்தது, அதுவும் எத்தனை, எந்த வேலைக்கு என்று வரம்பு கட்டிக்கொண்டு. ரயில் முன்பதிவு 1985-86-ல் டெல்லியில் கணினிக்கு மாறி, பிறகு மற்ற நகரங்களுக்குப் பரவியது.

அரசு அலுவலகங்களுக்காக 1976-லேயே தேசியத் தகவலியல் மையம் தொடங்கப்பட்டிருந்தாலும், நான் வேலை பார்த்த பிரிவுக்குப் பெட்டி வந்து சேர்ந்தது தொண்ணூறுகளில்தான். குளிர்சாதன அறை, கண்ணாடிக் கதவு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயில் கர்ப்பக்கிருகம் போல ஓரிருவருக்குத்தான் அனுமதி. அதுவரை சம்பளப் பட்டியல் போட நானும் இன்னொருவரும் மாதாமாதம் ஒரு வாரம் உட்காருவோம். கையால் சுற்றும் ஃபேசிட் இயந்திரம், கார்பன் தாள், தட்டச்சு. ஒரு பிழை வந்தால் பக்கம் முழுதும் மறுபடி அடிக்க வேண்டும். கணினி அதை ஒரு மதியத்தில் முடித்தது. அன்று எனக்கு வந்தது மகிழ்ச்சிதான். இதை மறைக்க மாட்டேன்.

பழைய பதிவேட்டுக் காலத்தைப் பொற்காலம் என்று பாடவும் நான் தயாராக இல்லை. கரையான் தின்ற கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். 'பதிவேடு கிடைக்கவில்லை' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு ஏழைகளை ஆறு மாதம் அலையவிட்டவர்களும் இருந்தார்கள். ரயில் நிலையத்தில் விடியற்காலை நாலு மணிக்கு வரிசையில் நின்றதும், உள்ளே இருப்பவருக்கு வேண்டியவர்களுக்கு முதலில் படுக்கை கிடைத்ததும் நமக்குத் தெரியும். அந்த அவமானத்தைக் கணினி நிறையக் குறைத்திருக்கிறது.

ஆனால் பதிவேட்டில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பிழை இருந்தால் அதைச் சிவப்பு மையால் ஒரே கோடாக அடிப்போம். அழிக்கக் கூடாது. பழைய எழுத்து கீழே தெரிய வேண்டும். மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். என்ன இருந்தது, என்னவாக மாறியது, மாற்றியவர் யார் என்று மூன்றும் ஒரே பக்கத்தில் தெரியும். மனுதாரர் எதிரே நிற்கும்போதே, ஆதாரத்தைப் பார்த்து, மேலதிகாரியிடம் கொண்டுபோய் ஒரு மணி நேரத்தில் முடித்த திருத்தங்கள் எத்தனையோ.

நம் புதுச்சேரிக்காரர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். குப்புசாமி என்ற பெயரை மேரியின் பிறப்புப் பதிவேட்டில் பிரெஞ்சு முறையில் எழுதினால் 'சி, ஓ, யு' என்று தொடங்கி, நடுவில் இரண்டு 'எஸ்' வரும். அதே பெயரை ஆங்கில முறையில் எழுதினால் 'கே, யு' என்று தொடங்கும். பிறப்புச் சான்று ஒரு மாதிரி, பள்ளிச் சான்று ஒரு மாதிரி, ஆதார் இன்னொரு மாதிரி. பழைய எழுத்தருக்கு இரண்டு எழுத்து முறையும் தெரியும், குப்புசாமியையும் தெரியும். 'இருவரும் ஒருவரே' என்று ஒரு குறிப்பு எழுதி கோப்பை நகர்த்துவார். கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். குடும்ப ஓய்வூதியத்துக்காக அலையும் விதவைகளில், கணவரின் பெயர் இரண்டு விதமாக இருப்பதால் நிற்பவர்கள் சிலரை நானே அறிவேன். கவுண்டரில் இருக்கும் பிள்ளையைக் கோபிப்பதில் பயன் இல்லை. திருத்தும் உரிமை அவர் கையில் இல்லை. அது வேறு எங்கோ இருக்கிறது, எங்கே என்று அவருக்கும் தெரியாது. அன்று தொழிற்சங்கங்கள் வேலை போய்விடும் என்று பயந்தன. எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது, நம் எதிரே உட்கார்ந்து பதில் சொல்லக்கூடியவர் போனதுதான்.

காகிதம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கும் நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு ஒரு நூற்றாண்டு போல வீட்டில் கிடந்து, 1846-ல் கலுவா மோன்பிரன் கண்ணில் பட்டது. இடையில் சில பகுதிகள் காணாமல் போயின. ஆனாலும் கிடைத்ததை எடுத்தவுடன் படிக்க முடிந்தது. தமிழ் தெரிந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம். தொண்ணூறுகளில் நாங்கள் ஃப்ளாப்பியில் போட்டு வைத்த பட்டியல்களை முப்பது வருடம்கூட ஆகாமல் இன்று படிக்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை.

ஒன்றுக்கு இரண்டாக எழுதி வைப்பதையும் கணினிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. பிரெஞ்சுச் சட்டப்படி பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இரண்டு படியாக எழுத வேண்டும். குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்கு 1776-ஆம் ஆண்டு அரச ஆணை ஒன்று இன்னொரு படியையும் கேட்டது. அதை வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும். கப்பல் மூழ்கலாம், ஊர் எரியலாம் என்று அவர்களுக்குத் தெரியும். பதினைந்து வருடத்துக்கு முன்புதான் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். அந்தப் படிகள் இன்று எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம் கொள்ளுப்பாட்டியின் பிறப்புப் பதிவை இப்போது வீட்டிலிருந்தே கணினியில் தேடிப் பார்க்கலாம். பேரன் எனக்கு எடுத்துக் காட்டியபோது கண் கலங்கியது. காகிதம் காப்பாற்றிக் கொடுத்ததைக் கணினி கொண்டுவந்து காட்டியது. இரண்டும் சேர்ந்திருந்தால் எவ்வளவு நல்லது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஒன்று மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2024 ஜூலை 19-ஆம் தேதி, ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான புதுப்பிப்பால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கணினிகள் ஒரே நாளில் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் சீட்டுகளைக் கொடுத்தார்கள். பேனா பிடிக்கத் தெரிந்தவர் கவுண்டரில் இருந்ததால் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். நம் ஊரில் 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்தபோது பல நாள் மின்சாரம் இல்லை. பணம் எடுக்கும் இயந்திரங்கள் செத்துக் கிடந்தன. அந்த நாட்களில் நம்மைக் காப்பாற்றியது கையிலிருந்த ரொக்கமும், மளிகைக் கடை அண்ணாச்சியின் கடன் நோட்டும்தான். இன்று அதே புயல் வந்தால் அந்த நோட்டு எத்தனை கடையில் இருக்கும்?

வயதானவர்களுக்கு இது புயல் நாளில் மட்டும் வரும் தொல்லை இல்லை. 2014 நவம்பரில் டிஜிட்டல் முறையில் வாழ்வுச் சான்று தொடங்கப்பட்டது. விரலை வைத்தால் போதும் என்றார்கள். எழுபது வருடம் பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? உயிரோடு எதிரே நிற்கும் அம்மாவை, உயிரோடு இருப்பதாக இயந்திரம் ஒப்புக்கொள்ளாததை நான் பார்த்திருக்கிறேன். 2021-ல் முகத்தைக் காட்டும் முறை வந்து சிலருக்கு வழி பிறந்தது. நேரில் போய்க் கையெழுத்திடும் பழைய வழியும் மூடப்படவில்லை. அதனால்தான் பலர் தப்பித்தார்கள். நம் ஊரின் சொல்தா குடும்பங்கள் ஆண்டுதோறும் பிரான்சுக்கு அனுப்பும் வாழ்வுச் சான்றுக்கும் நேரில் பார்த்து ஒப்பமிடும் ஓர் ஆள்தான் ஆதாரமாக இருந்து வந்திருக்கிறார்.

நீதிமன்றமும் இதைக் கவனித்திருக்கிறது. 2021-ல் பதினெட்டு முதல் நாற்பத்து நான்கு வயதுக்காரர்களுக்குத் தடுப்பூசி இணையப் பதிவை நம்பியே தொடங்கியபோது, இணையம் இல்லாதவர் என்ன செய்வார் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. 2025 ஏப்ரல் 30-ல் அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவரும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் சேவைகளை அணுகும் வாய்ப்பு அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கண்ணைச் சிமிட்டிக் காட்டு என்று கேட்கும் திரையின் முன்னால் கண்ணை இழந்தவர் என்ன செய்ய முடியும் என்பதே அந்த வழக்கின் கேள்வி.

இயந்திரத்தின் பக்கத்தில் காகிதத்தை வைப்பது பிற்போக்கு என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. வாக்குப்பதிவு இயந்திரத்தை நாடு முழுவதும் 2004 பொதுத் தேர்தலில் பயன்படுத்தினோம். பிறகு, போட்ட ஓட்டைக் கண்ணால் பார்க்க ஒரு காகிதச் சீட்டு வேண்டும் என்று கேட்டோம். 2013-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2019 பொதுத் தேர்தலில் எல்லாச் சாவடியிலும் அந்தச் சீட்டு வந்துவிட்டது. ஓட்டுக்குக் காகிதச் சாட்சி தேவை என்றால், ஒரு விதவையின் ஓய்வூதியத்துக்கு மட்டும் எதற்குத் தேவை இல்லை?

ஆகவே கணினியை விரட்டச் சொல்லவில்லை. ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு சன்னல், அதன் பின்னால் ஓர் ஆள், அவர் முன்னால் ஒரு பதிவேடு, திருத்தி ஒப்பமிட அவருக்கு அதிகாரம். இவ்வளவுதான் கேட்கிறேன். முதியோர் சங்கக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாகப் போட்டு அனுப்பலாம். நான் எங்கள் சங்கத்துக்கு ஒரு வரைவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அதுவரை நாம் வீட்டில் செய்யக்கூடியது சில உண்டு. ஓய்வூதிய ஆணையின் நகல், பிறப்பு, திருமணச் சான்றுகள், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், பிள்ளைகளின் தொலைபேசி எண்கள் எல்லாவற்றையும் காகிதத்தில் ஒரு பையில் வையுங்கள். பாஸ்புக்கில் மாதம் ஒரு முறை வரவு செலவு பதியச் சொல்லுங்கள். பத்து நாள் செலவுக்கு ரொக்கம் வையுங்கள். உங்கள் பெயர் எந்தச் சான்றில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, வேறுபாடு இருந்தால் நீங்கள் நடமாட்டமாக இருக்கும்போதே சரி செய்துவிடுங்கள். அந்தப் பை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.